மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை

(வடமதுரையில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை ஒரு முறைதான் வரும். பிரசவச் செலவு, கண் ஆபரேஷன், எலும்பு முறிவு என்று ஏதாவது ஒரு தேவை இருக்கும். உதவி கிடைத்து, நோய் தீர்ந்து, துஆ செய்துவிட்டுப் போவார்கள். கிட்னி செயலிழந்தவர் வீட்டார் மட்டும் மறுபடியும் வருகிறார்கள். வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள். "போன மாசம்தான் வாங்கினோம், திரும்ப வந்து நிக்கிறோமே" என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் இன்று இந்தப் பேச்சு. அவர்கள் திரும்ப வருவதற்குக் காரணம் அந்த நோயின் தன்மை. அந்த நோயோடு ஒருவர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைப் பேசுவோம்.

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்களும் இரவும் பகலும் ஓயாமல் இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கெடும்போது வலிப்பதில்லை. கால் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கி டாக்டரிடம் போகும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதன் பிறகு வழி இரண்டு. ஒன்று, இரத்தத்தை இயந்திரத்தின் மூலமோ வயிற்றின் வழியாகவோ சுத்தம் செய்யும் டயாலிசிஸ். மற்றொன்று, இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தும் அறுவை சிகிச்சை.

நெதர்லாந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். தட்டுப்பாடான காலத்தில் கைக்குக் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்த அந்தக் கருவியின் வழி வந்தவைதான் இன்று நம் மருத்துவமனைகளில் ஓடுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சை 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே முதன்முதலாக வெற்றி பெற்றது. நம் நாட்டில் அதை 1971இல் வெற்றிகரமாகச் செய்து காட்டியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அன்று வசதி படைத்தவர்களுக்கே எட்டிய அந்த வைத்தியம் இன்று அல்ஹம்துலில்லாஹ் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக்கும் கிடைக்கிறது. 2022இல் அத்திட்டத்துக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரம் ரூபாயிலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டு அட்டை இல்லாத வீடு இங்கே இருந்தால், நோய் வருமுன் எடுத்துவிடுங்கள். படுக்கையில் விழுந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவது பெரும் கொடுமை.

இப்போது காத்திருக்கும் ஒருவரின் வாரத்தைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் படுக்கை. நம் ஊரிலிருந்து திண்டுக்கல் போய்ச் சேர்ந்து, முறை வரக் காத்திருந்து, முடித்துத் திரும்ப ஒரு பகல் முழுக்கப் போய்விடும். முடிந்து எழும்போது தலை சுற்றும், கால் இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில் நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஏறி வர வேண்டும். மறுநாள்தான் உடம்பு தேறும். தேறிய மறுநாள் மறுபடியும் டயாலிசிஸ். மில் வேலைக்கோ கடை வேலைக்கோ போனவருக்கு வேலை போய்விடுகிறது. துணைக்குப் போகும் மனைவிக்கும் மகனுக்கும் பாதிக் கூலி போய்விடுகிறது. டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும் வீடு கடனில் மூழ்குவது இப்படித்தான். அரசாங்கம் சிகிச்சைக்குக் கொடுக்கிறது. போன கூலிக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? அங்கேதான் நம் ஸதகாவுக்கும் ஜகாத்துக்கும் இடம் இருக்கிறது. ஏழைக்கும் கடன்பட்டவருக்கும் ஜகாத்தில் பங்கு உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு வசதிகள் உண்டு. டயாலிசிஸுக்காகவோ மாற்றுச் சிகிச்சைக்காகவோ ரயிலில் போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். மற்றொன்று, வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வெளியே எடுத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. எல்லோருக்கும் இது பொருந்தாது. சுத்தமான ஓர் அறையும் கை சுத்தமும் தவறாத கவனமும் வேண்டும். உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சகோதரர்களே, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டோம், இனி அழைப்பு வரும்வரை சும்மா இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்த நாளிலிருந்துதான் வேலையே தொடங்குகிறது. அழைப்பு எந்த நாளும், எந்த நேரமும் வரலாம். வரும் அன்று காய்ச்சல் இருந்தாலோ, நெஞ்சில் சளி இருந்தாலோ, சொத்தைப் பல்லில் சீழ் இருந்தாலோ, அந்தச் சிறுநீரகம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு சொத்தைப் பல்லால் வாய்ப்பு கைநழுவிப் போகலாமா? ஆகவே பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் அடியோடு நிற்க வேண்டும். மருத்துவமனை சொல்லும் பரிசோதனைகளை அந்தந்தக் காலத்தில் புதுப்பித்து வையுங்கள். போன் நம்பரை மாற்றினால் அன்றே மருத்துவமனையில் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் இரண்டு பேர் நம்பரையும் கொடுத்து வையுங்கள். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்தவர் யாராவது சொன்னார்கள் என்பதற்காக இரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அடிக்கடி இரத்தம் ஏற்றினால் உடம்பில் எதிர்ப்புப் பொருட்கள் உண்டாகி, பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே கடினமாகிவிடும். முடிந்தவரை ஊசியாலும் மருந்தாலும் இரத்தத்தைக் கூட்டத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

கையில் இரத்தக் குழாயை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். அது பழுக்கவே வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அத்தாவின் கையைப் பிடித்துத் தொங்கி விளையாடும் பிள்ளைக்கு எந்தக் கை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் தாய்மார்கள் கவனத்துக்கு. கிட்னி கெட்டவர் உடம்பில் பொட்டாசியம் என்ற சத்து தேங்கும். அளவு மீறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுவிடும். நாம் அன்போடு கொண்டுபோய்க் கொடுக்கும் பல பொருள்களில் அது நிறைய இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர் வாங்கிப் போகிறோம், சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் போகிறோம். மற்ற நோயாளிக்கு அவை நல்லவை, இவருக்கு ஆபத்து. நோன்பு காலத்தில் நாம் கையில் கொடுக்கும் பேரீச்சம்பழமும் அப்படித்தான். தக்காளி, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். "நோயாளிக்கு நல்லது" என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியத்தைத்தான் கலந்திருப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தட்டில் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கும் அளவு உண்டு. சிறுநீர் எவ்வளவு போகிறதோ அதற்குத் தக்கபடி டாக்டர் ஓர் அளவு சொல்வார். டீ, மோர், ரசம், நோன்புக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் தரும் ஜம்ஜம் தண்ணீரும் கணக்கில் வரும். ஒரு மிடறு குடித்து துஆ செய்துகொண்டால் போதும். கல்யாண வீட்டில் இவருக்குத் தனியாக உப்பில்லாமல் ஏதாவது செய்து வைப்பது பெரிய காரியம் இல்லை. பிரியாணி வாசத்துக்கு நடுவில் ஒருவர் வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் "ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆகும்?" என்று வற்புறுத்துபவர் அவருக்கு நன்மை செய்யவில்லை.

ரமலானைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதைக் குர்ஆனே அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாகச் சொல்கிறது. தீராத நோயுடையவர் நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கலாம். ஆனாலும் நம் பெரியவர்கள் சிலர் "வாழ்நாள் முழுக்க விட்டதில்லை" என்று மருந்தை நிறுத்தி நோன்பு வைக்கிறார்கள். அந்த ஆசையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் வணக்கம்தான். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) காட்டித் தந்த வழி. கையில் கட்டு இருக்கும்போது ஒளு எப்படி, டயாலிசிஸ் நேரத்தில் வக்து வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து தொழுபவரைப் பார்த்து, "நல்லாத்தானே நடந்து வந்தார்" என்று பள்ளிவாசலில் யாரும் பேசக் கூடாது. அவர் எப்படி நடந்து வந்தார் என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

அடுத்ததாக யார் கொடுப்பது என்ற கேள்வி. உறவினர் கொடுக்கலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினராக ஏற்றுக்கொள்கிறது. இரத்தப் பிரிவு பொருந்தாவிட்டால், அதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழி வைத்தார்கள். ஆரோக்கியமானவர் ஒரு சிறுநீரகத்தோடு நல்லபடியாக வாழ முடியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய் கொடுக்கிறார், மனைவி கொடுக்கிறார். மனைவிக்குத் தேவைப்படும்போது கொடுக்கும் கணவர்கள் குறைவு. மருமகளிடம் "நீதானே கொடுக்கணும்" என்று குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டால் அவளால் மறுக்க முடியுமா? மனம் விரும்பிக் கொடுப்பதுதான் தானம். மறுப்பவரை அதற்காகப் பிறகு ஒதுக்கி வைப்பது பெரிய அநியாயம். கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவோடு அவர் அதே வீட்டில் மரியாதையோடு வாழ இடம் இருக்க வேண்டும்.

கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் தரகர் வருவார். "இத்தனை லட்சம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பார். நம்மைப் போன்ற இன்னொரு ஏழையின் கடனைத்தான் அவர் விலை பேசுகிறார். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி வாங்குவதும் விற்பதும் குற்றம். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை சிறையும், 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்றவருக்குப் பேசிய பணம் முழுதாகக் கைக்கு வராது. உடல்நிலை கெட்டால் கேட்க நாதி இருக்காது. நம் ஜமாஅத்தில் யார் வீட்டுக்காவது தரகர் வந்தால் எங்களிடம் வாருங்கள். விற்க நினைக்குமளவு கடன் நெருக்கினால் அதற்கு முன்பே வாருங்கள். வட்டியில்லாக் கடனுக்கு நம்மால் முடிந்ததைச் செய்வோம் இன்ஷா அல்லாஹ்.

மீதமிருக்கும் வழி, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் மனமுவந்து தரும் தானம். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஒழுங்கான ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை. அவன் இதயத்தைக் கொண்டு சென்ற வண்டிக்குச் சென்னைப் போக்குவரத்தே வழிவிட்டது. அதன் பிறகுதான் நம் மாநிலத்தில் சாதாரண மக்களும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பின்னர் 2014இல் இதற்காகவே தனி ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 23ஆம் தேதி, உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டு என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த மரியாதையை முதலில் பெற்றவர் நம் பக்கத்துத் தேனி மாவட்டத்துக்காரர்.

பதிவு செய்த வரிசை, இரத்தப் பிரிவு, மருத்துவப் பொருத்தம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் சிறுநீரகம் ஒதுக்கப்படுகிறது. மதமும் சாதியும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2023இல் 178 பேரின் குடும்பங்களும் 2024இல் 268 பேரின் குடும்பங்களும் தானம் கொடுத்தார்கள். 268 பேரும் இரண்டு சிறுநீரகங்களையும் கொடுத்திருந்தால்கூட மொத்தம் 536தான். காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். வரிசை நகராததற்குக் காரணம் இதுதான்.

இங்கே நம் சமுதாயம் மனம் திறந்து பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. பெறுவதற்கு நாமும் வரிசையில் நிற்கிறோம். கொடுப்பதைப் பற்றி நாம் பேசுகிறோமா? சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மான் நகரில் கூடி மூளைச்சாவைப் பற்றித் தீர்மானித்தது. 1988இல் ஜித்தாவில் கூடி, விற்பனை கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு உறுப்பு தானத்தை அனுமதித்தது. நம் நாட்டு உலமாக்களில் இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கருத்துக்கும் ஆதாரங்கள் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் அல்லர். எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்: ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருக்கும்போது முதன்முறையாக இதைப் பற்றி யோசிக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நாளில், உங்கள் ஹஜ்ரத்திடம் விளக்கம் கேட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி வையுங்கள். கொடுக்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

காத்திருப்பவர்களின் மனசைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டயாலிசிஸ் நாளில் "இன்னைக்கு வேண்டாம், உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், உடம்பு நன்றாக இருப்பதால் சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பல சமயம் "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். ஒரு டயாலிசிஸை விட்டால் நீர் நுரையீரலில் கோத்து உயிருக்கே ஆபத்து. அன்று வீட்டில் யாரும் கோபப்படாமல், கூட ஒருவர் கிளம்பி நிற்க வேண்டும். அய்யூப் நபியின் பொறுமையை நாம் நோயாளிக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். சுற்றியிருப்பவர்களுக்கும் அந்தப் பொறுமையில் பங்கு வேண்டும். யாரோ சொன்ன பஸ்பத்தையும் வேரையும் நம்பி டயாலிசிஸை நிறுத்தியவர்களையும், மூட்டு வலிக்குக் கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்கி மிச்சமிருந்த சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். எதுவானாலும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அரசின் 104 எண்ணில் கேட்கலாம். சிகிச்சை முடிந்தவர்களும், எதிர்ப்புத் திறனை அடக்கும் மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

நிறைவாக நாம் இன்றே தொடங்கக்கூடிய காரியங்களைச் சொல்கிறோம். பைக் அல்லது ஆட்டோ வைத்திருக்கும் இளைஞர்கள், மாதத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகப் பெயர் கொடுங்கள். முப்பது பேர் பெயர் கொடுத்தால் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவர் இருப்பார். தாய்மார்கள், டயாலிசிஸ் நாளில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் உங்கள் வீட்டில் சாப்பிட்டு, இருந்து படிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சுகரோ பிரஷரோ உள்ளவர்களும், வருடம் ஒருமுறை சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்றும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு என்ன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று பார்த்துக்கொள்பவர் நாளை அந்த வரிசையில் நிற்காமல் தப்பிக்கலாம்.

பெயர் கொடுப்பதற்கான நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள். நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கைகளுக்கு வலிமையைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.